துணை அதிபர் நாற்காலி காலியானால் அதில் யார் உட்காருவார்?

அமெரிக்காவில் துணை அதிபர் இறந்துபோனாலோ ராஜினாமா செய்தாலோ சபாநாயகர் தானாகவே அந்த இடத்துக்கு வந்துவிடுவாரா, வரமாட்டார் என்றால் யார் நிரப்புவது, அந்த நேரம் பார்த்து அதிபருக்கும் ஏதாவது ஆகிவிட்டால் என்ன கதி என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: வரமாட்டார். மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இரண்டு தனித்தனி விஷயங்களைச் சேர்த்துப் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. அதிபருக்கு ஏதாவது ஆனால் அடுத்தடுத்து யார் என்ற வரிசை ஒன்று. துணை அதிபர் பதவி காலியானால் அதை நிரப்பும் வழி இன்னொன்று. வரிசையில் துணை அதிபருக்குப் பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் சாதாரணச் சட்டத்தால் வந்தவர்கள்; காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், நினைத்தால் மாற்றலாம், மாற்றியும் இருக்கிறது. நிரப்பும் வழி அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது, 25ஆவது திருத்தத்தின் இரண்டாம் பிரிவில். அதைச் சட்டம் போட்டெல்லாம் மாற்ற முடியாது.

அந்தப் பிரிவு ஒரே வாக்கியம்தான். பதவி காலியானால் அதிபர் ஒருவரைப் பரிந்துரைக்க வேண்டும், செனட், பிரதிநிதிகள் சபை இரண்டிலும் பெரும்பான்மை கிடைத்தால் அவர் பதவி ஏற்கலாம். அமைச்சருக்கும் உச்ச நீதிமன்ற நீதிபதிக்கும் செனட் சரி சொன்னால் போதும். துணை அதிபருக்கு இரண்டு சபையும் வேண்டும். மக்கள் ஓட்டுப் போட்டு வர வேண்டிய ஒருவரை ஓட்டில்லாமல் கொண்டுவந்து உட்கார வைக்கிறோம், மக்கள் தேர்ந்தெடுத்த இரண்டு சபைகளாவது ஒப்புக்கொள்ளட்டும் என்ற எண்ணம்தான் காரணம். அதுவரை நாற்காலி காலி. பொறுப்புத் துணை அதிபர் என்று யாரும் கிடையாது. செனட்டில் ஓட்டுகள் சரிசமமாக விழுந்தால் தீர்த்து வைக்க (அது துணை அதிபரின் வேலை) ஆளில்லை, தீர்மானம் தோற்றதாகிவிடும். சபாநாயகர் தன் இடத்திலேயே இருப்பார், ஆனால் அவருக்கு முன்னால் நின்றவர் இல்லாததால் வரிசையில் முதல் ஆளாகிவிடுவார்.

இந்தத் திருத்தம் வந்தது 1967இல். அதற்கு முன்னால்? நிரப்பவே வழி இல்லை. அடுத்த தேர்தல் முடிந்து புதியவர் வரும்வரை பதவி அப்படியே கிடக்கும். அப்படி 16 முறை கிடந்திருக்கிறது: எட்டு அதிபர்கள் இறந்து துணை அதிபர்கள் அதிபர் ஆனார்கள், ஏழு துணை அதிபர்கள் பதவியிலேயே இறந்தார்கள், 1832இல் ஜான் கால்ஹூன் செனட்டுக்குப் போவதற்காக ராஜினாமா செய்தார். ஜேம்ஸ் மாடிசனுக்கு முதல் ஆட்சிக்காலத்தில் ஒருவர், இரண்டாவதில் இன்னொருவர் என்று இரண்டு துணை அதிபர்களுமே இறந்துபோனார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் 37 ஆண்டுகளுக்கு மேல் வருகிறது. அத்தனை ஆண்டுகள் அந்த நாடு இரண்டாவது ஆள் இல்லாமலே ஓடியிருக்கிறது, பெரிதாக எதுவும் நடக்கவில்லை என்பதால் யாரும் கவலைப்படவும் இல்லை.

அதிபர் இறந்தால் துணை அதிபர் முழு அதிபர் ஆகிறாரா, அல்லது வேலையை மட்டும் பார்த்துக்கொள்கிறாரா என்பதுகூடச் சாசனத்தில் தெளிவாக எழுதப்படவில்லை. 1841இல் வில்லியம் ஹென்றி ஹாரிசன் பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்தபோது ஜான் டைலர் நேராக வந்து பிரமாணம் எடுத்துக்கொண்டு, நான் அதிபரேதான் என்று அடம்பிடித்தார்; "பொறுப்பு அதிபர்" என்று முகவரி எழுதி வந்த கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். அவர் போட்ட வழிதான் 126 ஆண்டுகள் வழக்கமாக நின்றது. 25ஆவது திருத்தத்தின் முதல் பிரிவு அதை எழுத்தில் கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

உண்மையில் எவ்வளவு ஆபத்தான நிலை அது என்று புரிய வேண்டுமானால் 1881 செப்டம்பர் 20ஆம் தேதி அதிகாலையைப் பார்க்க வேண்டும். ஜூலை 2ஆம் தேதி சுடப்பட்ட அதிபர் ஜேம்ஸ் கார்ஃபீல்டு இரண்டரை மாதத்துக்கு மேல் படுக்கையில் கிடந்து இறந்த செய்தி வந்ததும், துணை அதிபர் செஸ்டர் ஆர்தர் நியூயார்க்கில் லெக்சிங்டன் அவென்யூ 123ஆம் எண் வீட்டில், இரவு இரண்டு மணிக்கு மேல், ஒரு மாநில நீதிபதி முன்னால் பிரமாணம் எடுத்தார். (அந்தக் கட்டடம் இன்னும் இருக்கிறது. கீழ்த்தளத்தில் கலுஸ்தியன்ஸ் என்ற மசாலாக் கடை, நியூயார்க்கில் இருப்பவர்களில் பலர் மளிகை வாங்கப் போயிருப்பீர்கள்.) அப்போது இருந்த 1792ஆம் ஆண்டுச் சட்டப்படி துணை அதிபருக்கு அடுத்தவர் செனட்டின் தற்காலிகத் தலைவர் (துணை அதிபர் இல்லாதபோது செனட்டை நடத்துபவர்), அவருக்கு அடுத்தவர் சபாநாயகர். அந்த இரவில் இரண்டு பேருமே இல்லை. செனட் தற்காலிகத் தலைவரைத் தேர்ந்தெடுக்காமலே கலைந்திருந்தது, புதிய பிரதிநிதிகள் சபை இன்னும் கூடவே இல்லாததால் சபாநாயகரும் இல்லை. ஆர்தருக்கும் ஏதாவது ஆகியிருந்தால் அடுத்து யாரும் கிடையாது. இது அவருக்கே தெரிந்திருந்தது. செனட்டை உடனே கூட்டச் சொல்லும் அறிவிப்பைத் தன் கையால் எழுதி, வெள்ளை மாளிகைக்கு, அதிபர் என்று முகவரி போட்டுத் தபாலில் சேர்த்தார். வழியில் தான் இறந்துபோனாலும் அந்த உறை போய்ச் சேரும், யாராவது பிரித்துச் செனட்டைக் கூட்டுவார்கள் என்பதுதான் கணக்கு. ஒரு நாட்டின் ஆட்சித் தொடர்ச்சி மொத்தமும் ஒரு தபால் உறைக்குள் போன இரவு அது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்த இடத்தில் மனம் நின்றுவிடும்.

நாலே வருடத்தில் மறுபடி அதே கதை: 1885இல் துணை அதிபர் தாமஸ் ஹெண்ட்ரிக்ஸ் இறந்தபோதும் தற்காலிகத் தலைவரும் இல்லை, சபாநாயகரும் இல்லை. 1886இல் சட்டத்தை மாற்றி, நாடாளுமன்றத் தலைவர்களை எடுத்துவிட்டு, வெளியுறவு அமைச்சர் தொடங்கி அமைச்சர்களை வரிசையில் வைத்தார்கள். அமைச்சர்கள் எப்போதும் இருப்பார்கள் இல்லையா. பிறகு 1945இல் ரூஸ்வெல்ட் இறந்து அதிபரான ட்ரூமனுக்கு அது உறுத்தியது. துணை அதிபர் இல்லாத நிலையில் தன் வெளியுறவு அமைச்சரைத் தானே நியமிக்கும்போது தன் வாரிசையே தான் நியமிப்பதாகிறது, ஜனநாயகத்தில் அது சரியில்லை, மக்கள் தேர்ந்தெடுத்தவர்தான் வர வேண்டும் என்றார். அவர் அதைச் சொன்னபோது சபாநாயகர் அவருடைய கட்சிக்காரரும் நண்பருமான சாம் ரேபர்ன். சட்டம் நிறைவேறி 1947 ஜூலை 18ஆம் தேதி கையெழுத்துப் போடும்போது சபை குடியரசுக் கட்சியின் கைக்குப் போயிருந்தது, அடுத்த ஆள் எதிர்க்கட்சிக்காரரான ஜோசப் மார்ட்டின். ஆனாலும் ட்ரூமன் கையெழுத்துப் போட்டார். அதற்காக அவரை மதிக்கிறேன், ஆனால் அந்தச் சட்டம் நல்ல சட்டம் என்று என்னால் சொல்ல முடியாது. ஏன் என்பதற்குக் கீழே வருகிறேன்.

1963 நவம்பர் 27. கென்னடி சுடப்பட்டு ஐந்தாவது நாள், லிண்டன் ஜான்சன் காங்கிரஸின் கூட்டுக் கூட்டத்தில் பேசுகிறார். அந்தப் படத்தைத் தேடிப் பாருங்கள். அவருக்குப் பின்னால் மேலே இரண்டு முதியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள்: 71 வயது சபாநாயகர் ஜான் மெக்கார்மக், 86 வயது செனட் தற்காலிகத் தலைவர் கார்ல் ஹேடன். நடுவில் நின்று பேசும் ஜான்சனோ 1955இல் மாரடைப்பு வந்து பிழைத்தவர். அணு ஆயுதப் போர் எந்த நிமிடமும் மூளலாம் என்று உலகம் பயந்துகொண்டிருந்த காலம், கியூபா நெருக்கடி முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த ஒரு காட்சி, நூறு கட்டுரைகள் செய்ய முடியாததைச் செய்தது. இண்டியானாவைச் சேர்ந்த பர்ச் பை என்ற 35 வயது செனட்டர், முதல் முறை ஜெயித்து வந்தவர், இதைக் கையில் எடுத்தார். 1965 ஜூலையில் திருத்தம் காங்கிரஸில் நிறைவேறியது, 1967 பிப்ரவரி 10ஆம் தேதி போதுமான மாநிலங்களின் ஒப்புதல் கிடைத்தது. அதற்குள் ஜான்சன் 14 மாதங்கள் துணை அதிபரே இல்லாமல் ஆட்சி நடத்தி முடித்துவிட்டார்.

சரி, திருத்தம் வந்தாயிற்று. அது வேலை செய்ததா? ஆறே வருடத்தில் தெரிந்துவிட்டது.

1973 அக்டோபர் 10. துணை அதிபர் ஸ்பைரோ அக்னியூ மேரிலாந்தில் ஒப்பந்தக்காரர்களிடம் பணம் வாங்கினார் என்ற விசாரணை முற்றி, பால்டிமோர் நீதிமன்றத்தில் வரி ஏய்ப்புக் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடப் போவதில்லை என்று சொல்லிவிட்டு ராஜினாமா செய்தார். பத்தாயிரம் டாலர் அபராதம், மூன்று வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு, சிறை இல்லை. ராஜினாமாக் கடிதம் ஒரே வாக்கியம். சட்டப்படி அது அதிபருக்குப் போவதில்லை, வெளியுறவு அமைச்சரிடம் போக வேண்டும், அதனால் ஹென்றி கிஸ்ஸிஞ்சரிடம் போனது. இரண்டு நாளில் குடியரசுக் கட்சி அதிபர் ரிச்சர்ட் நிக்சன், பிரதிநிதிகள் சபையில் தன் கட்சித் தலைவராக இருந்த ஜெரால்டு ஃபோர்டின் பெயரை அறிவித்தார். நிக்சன் மனதில் இருந்தவர் டெக்சாஸ்காரரான ஜான் கானலி. ஆனால் இரண்டு சபைகளும் ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தன, ஃபோர்டு என்றால் தடையில்லாமல் போகும் என்று அந்தக் கட்சித் தலைவர்களே சொல்லிவிட்டார்கள். பரிந்துரை அதிபருடையதுதான், ஆனால் சபைகள் எதிர்க்கட்சியிடம் இருந்தால் பெயரைத் தேர்ந்தெடுப்பதில் பாதி உரிமை அவர்களுக்குப் போய்விடுகிறது. இந்தப் பிரிவை வாசித்தால் தெரியாது, நடந்ததைப் பார்த்தால்தான் தெரியும்.

ஒப்புதல் கிடைக்க எவ்வளவு நாள் ஆயிற்று? செனட்டில் நவம்பர் 27 (92க்கு 3), பிரதிநிதிகள் சபையில் டிசம்பர் 6 (387க்கு 35). மொத்தம் 57 நாள். எல்லாருக்கும் பிடித்த, 25 வருடம் அதே சபையில் இருந்த, யாரும் பெரிதாக எதிர்க்காத ஒருவருக்கே 57 நாள். அந்த 57 நாளும் அமைதியான நாட்கள் இல்லை. அக்டோபர் 20ஆம் தேதி, வாட்டர்கேட் விசாரணை நடத்திய சிறப்பு வழக்கறிஞரை நீக்கச் சொன்னதற்கு அட்டர்னி ஜெனரல் (நீதித்துறைக்குத் தலைவரான அமைச்சர்) மறுத்து ராஜினாமா செய்ய, துணை அட்டர்னி ஜெனரலும் வெளியேற, நிக்சனைப் பதவிநீக்கம் செய்ய வேண்டும் என்ற குரல் நாடெங்கும் எழுந்தது. அந்தச் சமயத்தில் வரிசையில் முதல் ஆள் சபாநாயகர் கார்ல் ஆல்பர்ட், ஜனநாயகக் கட்சிக்காரர். ஃபோர்டின் ஒப்புதலை இழுத்தடித்து, அதற்குள் நிக்சனை இறக்கினால் ஆட்சியே நம் கட்சிக்கு வந்துவிடும் என்று அவர் கட்சியில் சிலர் வெளிப்படையாகவே நெருக்கினார்கள். கென்னடிக்கு உரைகள் எழுதிய தியோடர் சோரன்சன், திடீரென்று ஆட்சி கைக்கு வந்தால் ஆல்பர்ட் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு நீண்ட குறிப்பே எழுதித் தந்தார். ஆல்பர்ட் அந்த வழிக்குப் போகவில்லை. 1972 தேர்தலில் 49 மாநிலங்கள் குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போட்டிருக்கும்போது, குறுக்கு வழியில் ஆட்சியை எடுத்துக்கொள்ள அவர் ஒப்பவில்லை. ஒப்புதலை இழுத்தடிக்காமல் நகர்த்தினார். இங்கே சட்டம் எதையும் காப்பாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். இத்தனை நாளுக்குள் ஓட்டெடுக்க வேண்டும் என்று இரண்டாம் பிரிவில் எங்கேயும் இல்லை. ஒரு மனிதரின் நேர்மைதான் அந்த 57 நாளைத் தாங்கியது.

1974 ஆகஸ்ட் 9ஆம் தேதி நிக்சன் ராஜினாமா செய்து போனார், ஃபோர்டு அதிபர் ஆனார், துணை அதிபர் நாற்காலி பத்து மாதத்துக்குள் இரண்டாவது முறை காலி. இந்த முறை நெல்சன் ராக்கஃபெல்லர். பெரும் பணக்காரர், அதனால் விசாரணைக்குழு அவருடைய சொத்தையும் வரியையும் ஒவ்வொன்றாகத் தோண்டியது; கிஸ்ஸிஞ்சருக்கு ஐம்பதாயிரம் டாலர் அன்பளிப்புக் கொடுத்திருந்தது உட்பட எல்லாம் வெளியே வந்தது. செனட்டில் 90க்கு 7, பிரதிநிதிகள் சபையில் 287க்கு 128, பதவியேற்பு டிசம்பர் 19. மொத்தம் 132 நாள் பதவி காலி, அத்தனை நாளும் அடுத்த ஆள் மறுபடியும் கார்ல் ஆல்பர்ட். அதன் பிறகு 1977 ஜனவரி வரை அமெரிக்காவில் அதிபர், துணை அதிபர் இருவருமே அந்தப் பதவிகளுக்கு நாட்டு மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காதவர்கள். இரண்டாம் பிரிவு இன்றுவரை பயன்பட்டது இந்த இரண்டு முறைதான்.

நம் ஊர் வழக்கத்தை வைத்துப் பார்ப்பதாலும் இந்தக் கேள்வி வருகிறது என்று நினைக்கிறேன். இந்தியாவில் குடியரசுத் துணைத் தலைவர் பதவி காலியானால் யாரும் பரிந்துரைப்பதில்லை, நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2025 ஜூலை 21ஆம் தேதி ஜக்தீப் தன்கர் ராஜினாமா செய்தார், செப்டம்பர் 9ஆம் தேதி தேர்தலில் 452 ஓட்டு வாங்கித் திருப்பூர்க்காரரான சி.பி. ராதாகிருஷ்ணன் வந்தார். தலைவரும் இல்லை, துணைத் தலைவரும் இல்லை என்றால் இங்கே சபாநாயகரிடம் போவதில்லை, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியிடம் போகும். 1969இல் ஜாகிர் உசேன் இறந்து, பொறுப்பில் இருந்த வி.வி. கிரி தேர்தலில் நிற்க ராஜினாமா செய்தபோது தலைமை நீதிபதி இதயத்துல்லா 35 நாள் பொறுப்பேற்றார். அந்த நாட்களில் டெல்லிக்கு வந்து அவரைச் சந்தித்த வெளிநாட்டுத் தலைவர் ரிச்சர்ட் நிக்சன்.

இப்போது வரிசைக்கு வருவோம். துணை அதிபர், சபாநாயகர், செனட் தற்காலிகத் தலைவர், பிறகு வெளியுறவு, நிதி, பாதுகாப்பு, அட்டர்னி ஜெனரல் என்று அமைச்சகங்கள் உருவான வரிசைப்படி கடைசியில் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் வரை மொத்தம் 18 பேர். பிறப்பால் அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களைத் தாண்டிப் போவார்கள். ஜெர்மனியில் பிறந்த கிஸ்ஸிஞ்சரும் பிராகில் பிறந்த மேடலின் ஆல்பிரைட்டும் வெளியுறவு அமைச்சர்களாக இருந்தும் வரிசையில் இல்லை. இந்த வரிசை பெரிய பதவியில் இருப்பவர்களுக்கே தடுமாறும். 1981 மார்ச் 30ஆம் தேதி ரீகன் சுடப்பட்டபோது வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹெய்க் பத்திரிகையாளர்கள் முன் வந்து, அதிபர், துணை அதிபர், அடுத்து வெளியுறவு அமைச்சர் என்று சொன்னார். தவறு, இடையில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

1947ஆம் ஆண்டுச் சட்டம் நல்ல சட்டமில்லை என்றேனே, அதற்கு இரண்டு காரணம். ஒன்று, சபாநாயகர் எதிர்க்கட்சிக்காரராக இருந்தால் ஒரு மரணம் அல்லது ஒரு ராஜினாமா ஆட்சியையே கட்சி மாற்றிவிடும், தேர்தல் இல்லாமல். துணை அதிபர் பதவி காலியாக இருக்கும்போது ஒப்புதலைத் தள்ளிப்போட அதே சபாநாயகரின் கட்சிக்குக் காரணமும் இருக்கும், வழியும் இருக்கும். இரண்டாவது, அவர் பொறுப்பேற்க வேண்டுமானால் சபாநாயகர் பதவியையும் சபை உறுப்பினர் பதவியையும் முதலில் ராஜினாமா செய்ய வேண்டும். அதிபர் இறந்துவிட்டால் சரி. அதிபர் ஒரு வாரம் நினைவில்லாமல் கிடந்து எழுந்து வந்துவிட்டால்? இவருக்கு எதுவும் மிஞ்சாது.

பலர் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. அதிபர் மயக்க மருந்து எடுக்கும்போது அதிகாரத்தை மாற்றிக் கொடுக்கும் மூன்றாம் பிரிவும், அதிபரால் முடியாதபோது அவர் சம்மதம் இல்லாமலே எடுக்கும் நான்காம் பிரிவும் துணை அதிபரைச் சுற்றித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. 2021 நவம்பர் 19ஆம் தேதி பைடனுக்குப் பரிசோதனை நடந்த 85 நிமிடங்கள் கமலா ஹாரிஸ் பொறுப்பு அதிபராக இருந்தார் (துளசேந்திரபுரத்தில் அவருடைய தாத்தாவின் ஊர்க்காரர்கள் பெருமைப்பட்டிருப்பார்கள்), அது மூன்றாம் பிரிவு. துணை அதிபர் இல்லாத நாட்களில் இந்த இரண்டு பிரிவுகளும் செத்துக் கிடக்கும். நிக்சன் குடித்துக்கொண்டு தூக்கமில்லாமல் இருக்கிறார் என்ற பேச்சு இருந்த 1973ஆம் ஆண்டின் அந்த 57 நாளில் நான்காம் பிரிவை யாராலும் தொட்டிருக்க முடியாது. தொடக்கி வைக்க வேண்டியவரே இல்லை. அதனால்தான் காலியிடத்தைச் சீக்கிரம் நிரப்புவதை ஒரு மரியாதைக் காரியமாக நினைக்கக் கூடாது, இரண்டாம் பிரிவுக்கு ஒரு கெடு இருந்திருக்க வேண்டும் என்கிறேன். 60 நாள் என்று வைத்திருந்தால்கூடப் போதும்.

சபாநாயகர் நாற்காலியே காலியாக இருந்தால் என்று யாராவது கேட்பீர்கள். 2023 அக்டோபர் 3ஆம் தேதி சபாநாயகர் கெவின் மெக்கார்த்தியை அவர் கட்சிக்காரர்களே எட்டுப் பேர் ஜனநாயகக் கட்சியோடு சேர்ந்து இறக்கிய பிறகு, 25ஆம் தேதி மைக் ஜான்சன் வரும்வரை அப்படித்தான் இருந்தது. தற்காலிகமாகச் சபையை நடத்திய பேட்ரிக் மெக்ஹென்றிக்கு வரிசையில் இடமில்லை. அந்த மூன்று வாரமும் ஹாரிஸுக்கு அடுத்தவர் செனட் தற்காலிகத் தலைவர் பேட்டி மர்ரே.

2024 ஜூலையில் பைடன் போட்டியிலிருந்து விலகியபோது, பதவியையும் விட்டுவிட வேண்டும் என்று சபாநாயகர் ஜான்சன் அறிக்கை விட்டார். விட்டிருந்தால் ஹாரிஸ் அதிபர், துணை அதிபர் இடம் காலி, வரிசையில் அடுத்த ஆள் அந்த அறிக்கையை விட்ட ஜான்சன்தான். ஹாரிஸ் யாரைப் பரிந்துரைத்தாலும் ஜான்சனின் சபையில் பெரும்பான்மை வாங்கியாக வேண்டும். அப்போது எனக்குத் தெரிந்த பலர் கேட்டது, அப்படியானால் ஜனவரி 6ஆம் தேதி, அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பும் எலக்டர்களின் ஓட்டுகளை எண்ணும் கூட்டத்துக்கு யார் தலைமை தாங்குவார் என்று. துணை அதிபர் இல்லையென்றால் செனட் தற்காலிகத் தலைவர். நடந்தும் இருக்கிறது. 1965 ஜனவரி 6ஆம் தேதி லிண்டன் ஜான்சனுக்கு 486, எதிர்த்து நின்ற கோல்ட்வாட்டருக்கு 52 என்று முடிந்த அந்தக் கூட்டத்தைத் தலைமை நாற்காலியில் இருந்து நடத்தியவர், 1963 படத்தில் பின்னால் உட்கார்ந்திருந்த அதே கார்ல் ஹேடன். அப்போது அவருக்கு வயது 87.